அளவு பத்தாத சங்கிலி

பனி பாத்தீங்களான்னு கேட்டியே அம்மிணி. பாத்தேன். நல்லாவே பாத்தேன். பாக்கோணும், பாக்கோணும்னு நாந்தான் ஒத்தக்கால்ல நின்னேன்.

இப்பிடி உக்காரு. அந்தப் பையை நவுத்திக்கோ, ஒடையற சாமான் ஒண்ணுமில்ல, துணிதான். கோயமுத்தூர் ஏரோபிளேன் லேட்டுன்னுதானே போர்டுல செவப்பா ஓடுது? எனக்குப் படிக்கத் தெரியல. போகட்டும், அவசரமா போயி அங்க யாருக்கு ஆக்கிப் போடப் போறேன்.

வீல்சேர்ல உக்காந்திருக்கறனேன்னு பாக்காத. காலெல்லாம் எனக்கு நல்லாத்தான் இருக்குது. பாஷை தெரியாதவங்க இதைக் கேட்டு வாங்கிக்கிட்டா, வழி தவறாம அவங்களே தள்ளிக் கொண்டுபோய் விட்டுருவாங்கன்னு மகன் எழுதிப் போட்டுட்டான். உக்காரவே கூசுது. இதுல உக்காரோணும்னா அங்க ஒருத்தி இருக்கறா. எம் மருமக.

எம்பேரு பாவாயி. திருச்செங்கோடு. எங்கூட்டுக்காரரு அர்த்தநாரி, லாரி வச்சிருந்தாரு. வச்சிருந்தாருன்னா, கட்டில்ல சாஞ்சுக்கிட்டு ஆளை வச்சு ஓட்டற மொதலாளி இல்ல. அவரே ஓட்டுவாரு. இங்கிருந்து துணியும் நூலும் ஏத்திக்கிட்டுப் போவாரு, காஷ்மீர்லிருந்து ஆப்பிள் ஏத்திக்கிட்டு வருவாரு. போனா மாசக்கணக்காகும். இப்ப அவரு இல்ல, நெஞ்சுவலியில போயிட்டாரு. அவரு சொல்லுவாரு பாரு பனியைப் பத்தி. "பாவாயி, ரோடு தெரியாது, மரம் தெரியாது, உப்பளத்துக்குள்ள வண்டியை வுட்ட மாதிரி இருக்கும்"பாரு. ஒரு நாளைக்கு உன்னையக் கூட்டிட்டுப் போறேம்பாரு. கூட்டிட்டுப் போகல. லாரிக்காரன் பொண்டாட்டி சேலத்துக்கு மேல வடக்க போனதில்ல, பாத்துக்கோ.

அதனால மகங்கிட்டப் போய் எறங்குன நாள்லயே சொல்லிட்டேன். எனக்குக் கோல்டன் பாலமும் வேண்டாம், கடலும் வேண்டாம். பனி காட்டு, போதும்னு.

மகன் பேரு நவநீதன். ஒத்தப் புள்ள. கலிபோர்னியாவுல கம்ப்யூட்டர் வேலை. நெம்பத் தங்கமான பையன். அம்மா சொன்னா அதுக்கு மறு பேச்சு இருக்காது. மருமக வடக்கத்திப் பொண்ணு, சிம்லாவுக்கும் மேல, மலைக்குள்ள ஒரு ஊரு. ஷிவாலின்னு பேரு. ரெண்டு பேரும் அங்கயே பாத்துப் பழகிக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. எனக்கு மொதல்ல வெசனந்தான், இல்லைங்கல. சோறு வேற, பாஷை வேற. அப்புறம் அதோட அப்பா அங்க கவர்மெண்டு பஸ் டிரைவர்னு சொன்னாங்க. அதைக் கேட்டதும் மனசு கொஞ்சம் ஆறுச்சு. சரி, நம்மளை மாதிரி ஸ்டேரிங் புடிச்சுப் பொழச்ச குடும்பம்னு.

நல்ல புள்ள. நெட்டையா, ஒல்லியா இருக்கும். எனக்காகத் தமிழ் கத்துக்கிச்சு. "சாப்பிட்டீங்களா அத்தை", "தூங்குனீங்களா அத்தை", "கால் வலிக்குதா அத்தை". அவ்வளவுதான் தெரியும்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அதனால அந்தப் புள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டே நானும் நவநீயும் தமிழ்ல நாயம் பேசுவோம். குத்தமா ஒண்ணும் பேசல. கொழம்புல புளியே இல்ல, தலைக்கு எண்ணெய் வைக்கறதில்ல, இந்த மாதிரி. மாமியாக்காரி பேசறதுதானே. அது தட்டைப் பாத்துச் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்.

கிறிஸ்மஸ் லீவுல பொறப்பட்டோம். மலை மேல ஏரிக்கரையில ஒரு மரவூடு வாடகைக்கு எடுத்திருந்தாங்க. போறதுக்கு முன்னாடி அந்தப் புள்ள டயருக்குக் கட்டற சங்கிலி வாங்கிட்டு வந்துச்சு. பனியில டயர் வழுக்காம இருக்கறதுக்கு, சக்கரத்தச் சுத்தி வலை மாதிரி மாட்டறது. வாங்குனதோட வுடல. வூட்டு முன்னாடி காரை நிறுத்தி மாட்டி மாட்டிக் கழட்டுச்சு. அவங்கப்பாவை வேற போன்ல கூப்பிட்டுக் காட்டுச்சு. அந்த மனுசன் அங்கிருந்து கையை ஆட்டி ஆட்டிச் சொல்றாரு. நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டு நவநீகிட்டச் சொன்னேன், "ஏஞ்சாமி, இமயமலைக்காடா போறோம்?"னு. அவன் சிரிச்சான்.

பெரிய ரோட்டுல ஒரு தொந்தரவும் இல்ல. பனி வாரற வண்டி வழிச்சுக்கிட்டே போகுது, ரோடு கருப்பாத் தெரியுது. ரெண்டு பக்கமும் வெள்ளை. எங்கூட்டுக்காரரு சொன்னது அத்தனையும் நெசம். நான் முன்னாடி உக்காந்திருந்தேன், பின் சீட்டுல உக்காந்தா எனக்கு வாந்தி வரும். எனக்குப் பின்னாடி அந்தப் புள்ள. அதுக்குப் பக்கத்துல பொட்டியும் பையும்.

மரவூட்டுக்குப் போகோணும்னா பெரிய ரோட்டை வுட்டுச் சின்ன ரோட்டுல திரும்பி ஒரு மேடு ஏறோணும். அங்க யாரும் பனி வாரல. திரும்பற எடத்துலயே அந்தப் புள்ள வண்டியை நிறுத்தச் சொல்லிருச்சு. ரெண்டு பேரும் எறங்குனாங்க. அவன் எம் பக்கத்து முன்சக்கரத்துக்கிட்ட மண்டி போட்டான். அந்தப் புள்ள அந்தப்பக்கத்துச் சக்கரத்துக்குப் போயிருச்சு. அங்க என்ன பண்ணுச்சுன்னு நான் பாக்கல. எங்கண்ணு பையன் மேலயே இருந்துச்சு.

பனி கொட்டுது. கையுறை போட்டுக்கிட்டு அந்தக் கொக்கியை மாட்ட வரல. கழட்டி வச்சுட்டு வெறுங்கையில இரும்பைப் புடிச்சான். புடிக்கறான், வாயில வச்சு ஊதறான், திரும்பப் புடிக்கறான். விரலெல்லாம் ரத்தங்கட்டுன மாதிரி செவந்து போச்சு. முட்டி ரெண்டும் நனைஞ்சு போச்சு. பெத்தவ கண்ணாடிக்கு இந்தப்பக்கம் சூடா உக்காந்துக்கிட்டு அதைப் பாக்கறேன். நீயே சொல்லு, எந்தத் தாய் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா?

கண்ணாடியை எறக்குனேன். ஒரு வார்த்தைதான் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் அந்த ஒரு வார்த்தைதான் என்னைய அறுக்குது.

"சாமி, கையைப் பாரு எப்பிடி ஆயிருச்சு. உள்ள வா"ன்னேன்.

"ரெண்டு நிமிஷம்மா"ன்னான்.

"உங்கப்பா இதுக்கு மேல மலையெல்லாம் ஏறுனவரு. பதினாறு டன்னு ஏத்திக்கிட்டு ஏறுனவரு. ஒரு நாளாச்சும் சங்கிலி கட்டுனேன்னு சொல்லியிருக்காரா? மொதக் கியர்ல போட்டு மெதுவா வுட்டா எந்த மேடும் ஏறிரும்பாரு. இதென்ன, நம்மூரு மலைப் படிக்கட்டு ஒசரங்கூட இல்ல."

"அவ ஒத்துக்க மாட்டாம்மா."

"அவகிட்ட எதுக்குக் கேக்கறே? அளவு பத்தலைன்னு சொல்லிரு."

நாந்தான் சொன்னேன். அவனுக்குப் பொய்யெல்லாம் தானா வராது. எடுத்துக் குடுத்தது நான்.

அவன் சித்த நேரம் என் மூஞ்சியையே பாத்தான். அப்புறம் எந்திரிச்சுட்டான். அந்தப் புள்ள சுத்திக்கிட்டு வந்து என்னான்னு கேட்டுச்சு. அவன் இங்கிலீஷ்ல என்னமோ சொன்னான், "சைஸ், சைஸ்"னு. அது அவனைப் பாத்துச்சு, கீழ கெடக்கற சங்கிலியைப் பாத்துச்சு. குனிஞ்சு ஜன்னல் வழியா எங்கிட்டக் கேட்டுச்சு, "அத்தை, அளவு பத்தலையா?"

"ஆமாங்கண்ணு, பத்தல"ன்னேன். இத்தனூண்டு பத்தலைன்னு விரலை வேற காட்டுனேன்.

கொஞ்ச நேரம் அப்பிடியே நின்னுச்சு. தலை மேலெல்லாம் பனி. அப்புறம் அந்தப்பக்கம் போச்சு. போயி நெம்ப நேரங்கழிச்சுத்தான் வந்துச்சு. சங்கிலிப் பையை டிக்கியில வச்சுச்சு, எனக்குப் பின்னாடி ஏறி உக்காந்துச்சு.

மேடு முக்காவாசி ஏறியாச்சு அம்மிணி. நான் உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டேன், பாத்தியா, ஏறிருச்சுன்னு. அப்பத்தான் சக்கரம் நின்ன எடத்துலயே சுத்துச்சு. விர்ருன்னு ஒரு சத்தம். வண்டி நின்னுச்சு. நின்னு பின்னால வழுக்க ஆரம்பிச்சுது. நவநீ பிரேக்கை அமுத்தறான், அமுத்தறான். பிரேக் புடிச்சா என்ன, சக்கரம் நிக்குது, வண்டி போகுது. பொம்மைக் காரைக் கண்ணாடி மேல தள்ளி வுட்ட மாதிரி திரும்பிக்கிட்டே போகுது. ஒரு சத்தம் கூட இல்ல. அது தான் எனக்கு இன்னும் கனவுல வருது. லாரி மோதுனா எப்பிடிச் சத்தம் கேக்குமுன்னு எனக்குத் தெரியும், இது மெத்தை மேல போற மாதிரி போகுது. அப்புறம் மரம். பின்கதவு. அந்தப் புள்ள உக்காந்திருந்த கதவு.

எனக்கு ஒரு கீறல் இல்ல. நவநீக்கு உதட்டுல கொஞ்சம் ரத்தம். அதுக்குத் தொடையெலும்பு முறிஞ்சு போச்சு, இடுப்புலயும் விரிசல். கத்தல அம்மிணி. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என் சீட்டோட முதுகைப் புடிச்சுக்கிட்டு மூச்சு மட்டும் வுட்டுச்சு. நான் திரும்பி அது கையைப் புடிக்கலாம்னு பாத்தா, சீட்டு பெல்ட்டைக் கழட்டத் தெரியல எனக்கு.

தொடையில கம்பி வச்சாங்க. வூட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். மாடி ஏற முடியாதுன்னு கீழ ஹால்லயே கட்டில் போட்டாச்சு. அன்னைலிருந்து நாந்தான் எல்லாம். குளிக்க ஊத்துனது, துணி மாத்துனது, பாத்ரூமுக்குத் தாங்கிக்கிட்டுப் போனது. அதுக்குப் புடிக்கும்னு ராஜ்மா வைக்கக் கூடக் கத்துக்கிட்டேன், போன்ல பாத்து. பூண்டு எச்சாவே போட்டேன். பெத்த மகளா இருந்தாக் கூட அப்பிடிப் பாத்திருக்க மாட்டீங்கம்மான்னு நவநீயே சொன்னான்.

ஆனா அது எம் மூஞ்சியைப் பாக்கறப்பெல்லாம் எனக்குச் சோறு எறங்காது. பாவம், தான் வாங்குன சங்கிலி அளவு தப்பாப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்குதே, தன் மேலதான் தப்புன்னு நெனச்சு மருகுதேன்னு. சொல்லிரலாம்னு வாயெடுப்பேன். நவநீ கண்ணாலயே வேண்டாம்பான். "இப்ப சொன்னா வூடு ரெண்டாயிரும்மா. கால் சரியாகட்டும்"பான். சரிதானேன்னு நானும் இருந்துருவேன்.

அவங்க ரெண்டு பேருக்குள்ள பேச்சே இல்ல. அவன் வேலை முடிஞ்சு வந்து பக்கத்துல உக்காந்தா அது கண்ணை மூடிக்கும். மருந்துனால வர்ற தூக்கம்னு நெனச்சேன்.

ஒரு நா மனசு பொறுக்காம தங்கவேலுக்குப் போன் பண்ணுனேன். எங்கூட்டுக்காரரு கூட மாத்தி மாத்தி வண்டி ஓட்டுன டிரைவர். இப்ப சங்ககிரியில டீக்கடை வச்சிருக்கறான். "ஏந்தங்கவேலு, அவருகூட காஷ்மீருக்குப் போவியே, பனியில டயருக்குச் சங்கிலி கட்டுவீங்களா?"ன்னு கேட்டேன்.

"என்னங்கக்கா இப்பிடிக் கேக்கறீங்க? கட்டாமப் போனா திரும்பி வர முடியுங்களா? அண்ணன் என்னையக்கூடத் தொட வுட மாட்டாரு. அவரே சாக்கை விரிச்சுக் குப்புறப் படுத்துக்கிட்டு மாட்டுவாரு. அவருக்கு விரல் நகம் போனதே அதுலதானுங்களே. சங்கிலிக்கும் சக்கரத்துக்கும் நடுவுல மாட்டிக்கிச்சுங்க."

அவருக்கு மோதிர விரல்ல நகம் இருக்காது அம்மிணி. லாரிக் கதவுல நசுங்கிருச்சுன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தாரு. மஞ்சப் பத்துப் போட்டு வுட்டதே நாந்தான். பொம்பள பயந்துக்குவான்னு சொல்லாம வுட்டுட்டாரு போல. அவரு சொல்லாததையெல்லாம் நடக்கவே இல்லைன்னு நான் எடுத்துக்கிட்டேன். அந்த மனுசன் பேரைச் சொல்லித்தானே பையனை எழுப்பி வுட்டேன்.

"எதுக்குங்கக்கா கேட்டீங்க?"ன்னான். சும்மாதான்னு சொல்லி வச்சுட்டேன்.

அதுக்குப் பொறவு அந்தப் புள்ளையோட அப்பா அம்மா வீடியோல வந்தாங்க. தெனமும் வருவாங்க, அன்னைக்கு அந்த மனுசன் சங்கிலியைப் பத்திக் கேட்டாரு. பாஷை தெரியாட்டியும் "செயின்"ங்கற வார்த்தை புரியுமில்ல. நவநீ சுவத்தோட சுவரா நிக்கறான். அந்தப் புள்ள என்னமோ நாலு வார்த்தை சொல்லுச்சு. அவரு கோவமா அதை வைய ஆரம்பிச்சுட்டாரு. வைஞ்சுக்கிட்டே அழுகறாரு. மீசை வச்ச மனுசன் அம்மிணி, கண்ணாடியைக் கழட்டிட்டு அழுகறாரு. இது தலையைக் குனிஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் வாங்கிக்கிச்சு.

வச்சதுக்கப்புறம் சமையக்கட்டுல நவநீகிட்டக் கேட்டேன், "என்ன சாமி சொல்லுச்சு?"

அவன் மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு. "சங்கிலி வேண்டாம்னு அவ தான் சொன்னாளாம். சின்ன மேடுதானேன்னு அவ தான் எங்களை அவசரப்படுத்துனாளாம். அப்பிடிச் சொல்றாம்மா."

"அது ஏஞ்சாமி அப்பிடிச் சொல்லோணும்? அளவு பத்தலைன்னுதானே அது நெனச்சுக்கிட்டிருக்குது?"

அவன் கார் சாவியை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டான்.

அதுக்கு மேல என்னால முடியல. அந்தப் புள்ளைக்குத் தலை வாரி வுட உக்காந்தேன். நல்ல முடி. கட்டில்ல படுத்தே கெடந்து சிக்குப் புடிச்சிருந்துச்சு. மூஞ்சியைப் பாத்துப் பேசறதுக்கு, முதுகைப் பாத்துப் பேசறது கொஞ்சம் சுளுவு பாரு. நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கிட்டே ஆரம்பிச்சேன். அதுக்குப் புரியறதுக்காக மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா. "கண்ணு... அன்னைக்கு... அந்தச் சங்கிலி..."

"தெரியும் அத்தை"ன்னுச்சு.

தமிழ்லதான். திக்கித் திக்கி, ஆனா தெளிவா. "எனக்குத் தெரியும். நான் அந்தப்பக்கம் இருந்தேன். ஜன்னல் தெறந்து இருந்துச்சு. நீங்க சத்தமா பேசுவீங்க."

எங்கையில சீப்பு அப்பிடியே நின்னு போச்சு.

"என் பக்கம் நான் மாட்டிட்டேன் அத்தை. முழுசா மாட்டிட்டேன். ரெண்டும் ஒரே அளவு."

எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. ஜன்னல்கிட்ட வந்து கேட்டப்ப 'அளவு'ன்னு கேட்டுச்சே, அந்த வார்த்தையை அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நாந்தான் அப்பத்தான் வாய் நெறையச் சொல்லியிருக்கறேன்.

"அப்புறம் ஏங்கண்ணு கழட்டுனே? மாட்டுனதை எதுக்குக் கழட்டுனே? நீ ஒரு வார்த்தை சத்தம் போட்டிருக்கலாமே"ன்னேன். கேட்டேன் அம்மிணி. அப்பிடித்தான் கேட்டேன்.

அது திரும்பல. "நீங்க ரெண்டு பேர். நான் ஒரு ஆள். அவரு என்னைப் பாத்துப் பொய் சொன்னாரு. உங்களைக் கேட்டேன், நீங்களும் சொன்னீங்க. சொல்லிட்டு, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சீங்க."

சிரிச்சனா? எனக்கு ஞாபகம் இல்ல. சிரிச்சிருப்பேன். பையன் பனியிலிருந்து எந்திரிச்சுட்டானேங்கற சந்தோசத்துல சிரிச்சிருப்பேன். அதைப் பாத்துச் சிரிக்கல. அது எப்பிடி எடுத்துக்கிச்சோ.

"உங்கப்பாகிட்ட ஏங்கண்ணு உம்மேல போட்டுக்கிட்டே?"

"அவரு கோவக்காரரு. உங்களைத் திட்டுவாரு. நீங்க இங்க தனியா இருக்கீங்க"ன்னுச்சு. அப்புறம் சொல்லுச்சு, "நவநீ அவரா வந்து எங்கிட்டச் சொல்லோணும். அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். எத்தன நாளும் இருப்பேன்."

நான் என்ன பண்ணட்டும்? வாரி முடிச்சேன். பின்னிப் போட்டேன். எந்திரிச்சுப் போயி அரிசிம்பருப்பு சோறு ஆக்குனேன். நெய்யை நல்லா ஊத்தி, தட்டுல போட்டு அது முன்னாடி வச்சேன். கொஞ்ச நேரம் தட்டையே பாத்துச்சு. சாப்பிட்டுச்சு. பாதி.

அன்னைக்கே நவநீகிட்டச் சொல்லிட்டேன், டிக்கெட்டை முன்னாடி மாத்திக் குடுன்னு. இன்னும் ரெண்டு மாசம் இருக்கறதா இருந்தேன். அந்தப் புள்ளை இன்னும் ஊனிக்கிட்டுக்கூட நல்லா நடக்கல, இல்லைங்கல. ஆனா நான் நடுவுல இருந்தா அவங்க ரெண்டு பேரும் எப்பிடிப் பேசுவாங்க? சின்னஞ்சிறுசுக. தனியா வுட்டாத்தான் பேசிக்கும், சண்டை போட்டுக்கும், சரியாயிரும். அவங்க நல்லதுக்குத்தான் பொறப்பட்டேன். நவநீ, "அவளை யாரும்மா பாத்துக்கறது?"ன்னு கேட்டான். ஆள் போட்டுக்கோன்னேன்.

என்ன அப்பிடிப் பாக்கறே? ஓடியாந்துட்டேன்னு நெனைக்கறியா? ஓடியாரல.

அந்தப் புள்ள இருங்கன்னுதான் சொல்லுச்சு. ரெண்டு தடவை சொல்லுச்சு. "நீங்க இருங்க அத்தை. உங்க கை நல்லா இருக்கு"ன்னுச்சு. தலை வார்றதைச் சொல்லுச்சோ, தாங்கிப் புடிக்கறதைச் சொல்லுச்சோ. என்னால அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல உக்கார முடியல அம்மிணி. அது வைஞ்சிருந்தா உக்காந்திருப்பேன்.

நேத்துப் பொறப்படறப்ப பாரு, கக்கத்துக் கட்டை ரெண்டையும் ஊனிக்கிட்டு வாசக்கதவு வரைக்கும் வந்துருச்சு. வேர்த்து ஊத்துது அதுக்கு. நவநீ பொட்டியைக் கார்ல ஏத்தறான். நான் செருப்பு மாட்டறேன். "அத்தை"ன்னுச்சு. நிமுந்து பாத்தேன். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"ன்னு கேட்டுச்சு.

ஆசீர்வாதம் கேக்குதாக்கும்னு நெனச்சேன். "நல்லா இருங்கண்ணு, தீர்க்காயுசா இரு"ன்னு சொல்லி நெத்தியில திருநீறு வச்சு வுட்டேன். வச்சுக்கிச்சு. ஆனா அது மூஞ்சி தெளியல. கார் திரும்பற வரைக்கும் கதவுகிட்டயே நின்னுச்சு. ஏரோபிளேன்ல ஏறுனதிலிருந்து இதே ரோசனைதான் எனக்கு. நெல்லு விரிச்ச மாதிரி மேகத்தைப் பாத்துக்கிட்டு இதையேதான் ரோசிச்சுக்கிட்டு வந்தேன். அந்தப் புள்ள என்ன எதிர்பாத்துச்சு? நான் என்னத்தைச் சொல்லியிருக்கோணும்? நீ படிச்ச புள்ள, நீ சொல்லு.

என்னது?

மன்னிப்பா?

அவ்வளவுதானா? அதையெல்லாம் வாயில சொல்லித்தான் தெரியோணுமா அம்மிணி? எங்கூட்டுக்காரரு எங்கிட்ட ஒரு நாளும் கேட்டதில்ல, நானும் அவருகிட்டக் கேட்டதில்ல. சண்டை வந்தா மறுநா அவரு மல்லிப்பூ வாங்கியாருவாரு, நான் கறிக்கொழம்பு வச்சுருவேன். முடிஞ்சுது. இதுக்கும் நான் என்ன கொறை வச்சேன்? குளிக்க ஊத்துனேன், கால் அமுக்கி வுட்டேன், ராஜ்மா வச்சேன். மனசுக்குள்ள எத்தன தடவை கேட்டிருப்பேன் தெரியுமா? சாமி படத்துக்கு முன்னாடி நின்னு அழுதிருக்கறேன். நவநீகிட்டச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கறேன். இப்ப பாரு, பேரு கூடத் தெரியாத உங்கிட்டச் சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கறேன்...

அதுகிட்டச் சொல்லல.

ஆமா. அதுகிட்ட மட்டும் சொல்லல. ஏங்கழட்டுனேன்னு அதையே திருப்பிக் கேட்டிருக்கறேன் நான்.

இரு. சித்த இரு. தண்ணி வேண்டாம்.

இப்ப அங்க பகலா, ராத்திரியா? காலையிலயா? அப்ப முழிச்சிருக்கும். இந்தா, போனைப் புடி. அந்தப் பச்சைக் கலர் இருக்குது பாரு, அதுல போடு. வேண்டாம், நவநீ நெம்பருக்குப் போடாத. அவனுக்கு நான் அப்புறம் போடறேன், அவங்கிட்டயும் ஒண்ணு சொல்லோணும், போயி அவகிட்ட உன் வாயால சொல்லுடான்னு. இப்ப அந்தப் புள்ளைக்கே போடு. அந்தத் தொப்பி போட்ட படம் தான்.

என்னது, ஹிந்தியில எப்பிடிச் சொல்றதுன்னு நீ சொல்லித் தர்றியா? உனக்குத் தெரியுமா?

வேண்டாம் அம்மிணி. தமிழ்லயே சொல்றேன். அதுக்கு எல்லாம் வெளங்கும்.

ரிங் போகுதா? குடு இப்பிடி.